வாசலில் நின்ற இரண்டு டிரைவர்கள்

2016 பிப்ரவரியில் ஏஎம்டி நிறுவனம் லினக்ஸ் கெர்னலில் சேர்க்கச் சொல்லி ஒரு பெரிய மூட்டையைக் கொண்டுவந்து வைத்தது. ஏறத்தாழ 93,000 வரி நிரல். கிராபிக்ஸ் அட்டையின் எல்லா வேலைக்குமான நிரல் அல்ல, திரைக்குப் படத்தைக் கொண்டுசேர்க்கும் பகுதி மட்டும். அப்போது அதன் பெயர் டால், பிறகு டிசி. 2022 டிசம்பரில் அதே வாசலுக்கு இன்டெல்லின் எக்ஸ்இ கிராபிக்ஸ் டிரைவர் வந்தது. டிசி உள்ளே போனது 2018 ஜனவரியில் வெளியான 4.15 கெர்னலில்; எக்ஸ்இ போனது 2024 மார்ச்சில் வெளியான 6.8-இல். ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம், மற்றதற்கு ஒரு வருடத்துக்குச் சற்று மேல். சரிபார்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே வட்டத்தினர்.

டிசி ஓடவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. அது ஓடியது. சிக்கல், அது எந்த வீட்டுக்காகக் கட்டப்பட்டது என்பதில் இருந்தது. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவாக எழுதிய நிரல் அது. சிப் தயாராகும் முன்பே அதைச் சோதித்துப் பார்க்கவும் ஏஎம்டிக்கு அதுவே உதவியது. ஆகவே லினக்ஸைத் தொடும் இடத்தில் மட்டும் மெல்லிய ஒட்டு வேலை, அதன் அடியில் தனி உலகம்.

கெர்னலிலோ திரை வேலைக்கென்று ஒரு பொதுச் சட்டகம் ஏற்கெனவே இருந்தது. அணு முறை என்று சொல்லலாம். 2015-இல் வந்த 4.2-இலிருந்து எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. இரண்டு 4கே திரைகளை ஒன்றாக ஓட்டச் சொல்கிறோம் என்று வையுங்கள். வன்பொருளுக்கு அதற்கான தரவு கடத்தும் திறன் போதாவிட்டால், எதையும் தொடுவதற்கு முன்பே டிரைவர் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். முழு மாற்றமும் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது. பாதி வழியில் திரை இருண்டு நிற்கக் கூடாது. இந்தக் கணக்குக்காகச் சட்டகம் வைத்திருந்த கட்டமைப்புகளை விட்டுவிட்டு, டிசி அதே கணக்கைத் தன் சொந்தக் கட்டமைப்புகளில் போட்டது. நாளைக்கு யாராவது சட்டகத்தைத் திருத்தினால் டிசிக்குள் கை வைக்க முடியுமா? வைத்தால் விண்டோஸ் பக்கம் உடையும் என்று ஏஎம்டி தடுக்காதா? 2016 டிசம்பரில் கெர்னலின் கிராபிக்ஸ் பகுதியின் மெயின்டெய்னர் டேவ் ஏர்லி வெளிப்படையாகவே மறுத்துவிட்டார். அவர் சொன்னதன் சாரம்: நிரல் உள்ளே வந்தபின் அது கம்பெனியின் சொத்து மட்டுமல்ல, நடுவில் திரைபோட்டு மறைக்கும் அடுக்குகளுக்கு இங்கே இடமில்லை.

கடுமை என்று தோன்றலாம். விலையைக் கொடுத்தவர்களும் பயனர்கள்தான்: 2017 ஆகஸ்டில் ஏஎம்டியின் வேகா அட்டையை வாங்கிய லினக்ஸ்காரருக்கு, 4.15 வரும்வரை மூலக் கெர்னலில் அந்த அட்டையிலிருந்து திரைக்குப் படமே வரவில்லை. ஆனாலும் மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். மாதக்கணக்கில் நிரலை அறுத்து, சட்டகத்தின் போக்குக்குத் திருப்பிய பிறகுதான் அது உள்ளே வந்தது.

எக்ஸ்இ வந்த விதமே வேறு. அதோடு ஒரு பட்டியலும் கெர்னலின் ஆவணங்களுக்குள்ளேயே வந்தது: சேர்வதற்கு முன் எந்தெந்த வேலைகள் முடிய வேண்டும் என்று. பணிகளை வரிசைப்படுத்தப் பொதுவான ஷெட்யூலரையே பயன்படுத்துவது, ஜிபியு நினைவக முகவரிகளை நிர்வகிக்கப் பொதுவான கருவிக்கு மாறுவது என்று நீளும். அந்த முகவரிக் கருவி என்விடியா அட்டைகளுக்கான நூவோ டிரைவருக்கும் பயன்பட்டது. வாசலிலேயே கேட்கப்போகும் கேள்விகளை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்ததுபோல.

ஆனால் திரைப் பகுதிக்கு வந்தால் எக்ஸ்இ அவ்வளவு சுத்தமில்லை. தனியாக எழுதாமல், இன்டெல்லின் பழைய ஐ915 டிரைவரின் திரை நிரலையே எடுத்து இரண்டு முறை கம்பைல் செய்கிறார்கள்: ஒருமுறை ஐ915-க்கு, ஒருமுறை எக்ஸ்இக்கு. அந்த நிரலை நம்பவைக்க, ஐ915-இன் தலைப்புக் கோப்புகளைப்போல நடிக்கும் கோப்புகள் எக்ஸ்இ கோப்புறைக்குள் தனியாகக் கிடக்கின்றன. பெயர்ப் பலகையை மாற்றிப் படித்தால் இதுவும் ஒரு மறைப்பு அடுக்குதான். இதை ஏற்றுக்கொண்டார்கள், டிசியை ஏன் தள்ளினார்கள்?

எனக்குத் தெரிந்தவரை வேறுபாடு ஒன்றில்தான். எக்ஸ்இயின் முகமூடிக்கு இரு பக்கமும் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இரண்டையும் சேர்த்துத் திருத்தலாம். டிசியின் மறுபக்கம் கம்பெனிக்குள் இருந்தது.

இன்றும் டிசிக்கான திருத்தங்கள் ஏஎம்டியிலிருந்து பதிப்பெண் ஒட்டிய தொகுப்புகளாகத்தான் வந்துகொண்டிருக்கின்றன. இன்டெல் பக்கம் ஐ915-இன் திரைக் கோப்பில் ஒரு வரியை மாற்றுபவர், இரண்டு டிரைவர்களையும் கட்டிப் பார்க்காமல் அனுப்ப முடியாது.