ஹர்கெய்சாவில் ‘தைவான்’, சென்னையில் ‘தைப்பே’

திருப்பூரில் புதிதாக நிட்டிங் யூனிட் போடுகிறவரிடம் எல்லோரும் கேட்பது, “ஜெர்மன் மெஷினா, தைவான் மெஷினா?” என்பதுதான். பைலங் வட்டப் பின்னல் எந்திரமும் சிருபா தையல் மெஷினும் பனியன் கம்பெனிகளுக்குப் பழகிய பெயர்கள். ஆனால் எந்திரத்தை நேரில் பார்த்து விலை பேசத் தைவான் போக நினைப்பவர் சென்னையில் தைவான் தூதரகத்தைத் தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பது ‘தைப்பே பொருளாதார, பண்பாட்டு மையம்’. விசா வேலையும் வணிக வேலையும் அங்கேயே நடக்கின்றன. தலைவருக்குத்தான் தூதர் என்ற பட்டம் கிடையாது.

மக்கள் சீனத்தை இந்தியா 1949 டிசம்பர் 30 அன்று அங்கீகரித்தது. அதோடு தைவானுடனான அரசுமுறை உறவு முடிந்தது. அடுத்த கதவு திறக்க 1995 ஆனது: தைவான் தலைநகர் தைப்பேயில் ‘இந்தியா–தைப்பே சங்கம்’, தில்லியில் தைப்பே மையம். சென்னைக் கிளை 2012இல் வந்தது.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது கிழக்கு ஆப்பிரிக்காவின் சோமாலிலாந்து. 1898 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் பொறுப்பில் இருந்த கடற்கரை அது. 1960 ஜூன் 26 அன்று விடுதலை பெற்று, ஐந்தே நாளில் சோமாலியாவோடு இணைந்தது, 1991இல் பிரிந்தது. தனிக்காசு, தேர்தல், படை எல்லாம் உண்டு, ஐ.நா. உறுப்பினர் இடம் இல்லை. தைவானுக்கும் அது இல்லை. 2020 பிப்ரவரியில் இரு தரப்பு வெளியுறவு அமைச்சர்களும் தைப்பேயில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆகஸ்டில் சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவில் தைவானின் அலுவலகம் திறந்தது. பலகையில் எழுதியது ‘தைவான்’ என்றே. செப்டம்பரில் தைப்பேயில் சோமாலிலாந்தின் அலுவலகம்.

இங்கே ஒரு வேடிக்கை. இவ்வளவு செய்தும் இருவரும் ஒருவரையொருவர் நாடாக முறைப்படி அங்கீகரிக்கவில்லை. அந்த வகையில் ஹர்கெய்சாவும் சென்னையும் ஒரே படியில்தான் நிற்கின்றன. வேறுபாடு பலகையிலும் கையெழுத்திலும். இந்தியா–தைவான் முதலீட்டு ஒப்பந்தம் 2018 டிசம்பரில் கையெழுத்தானது. 2024 பிப்ரவரியில் தொழிலாளர்களை அனுப்புவதற்கான புரிந்துணர்வு. இரண்டையும் செய்துகொண்டவை இந்தியா–தைப்பே சங்கமும் தில்லியின் தைப்பே மையமும். அமைச்சர் எவரும் பேனாவைத் தொடவில்லை.

சோமாலிலாந்தால் தைவான் என்று துணிந்து எழுத முடிந்ததற்கு வீரம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பெய்ஜிங்கில் இழக்க அதற்குத் தூதரகம் கிடையாது. இந்தியாவுக்கோ சீனத்தோடு நீண்ட எல்லைத் தகராறும் அதைவிட நீண்ட இறக்குமதிப் பட்டியலும் உண்டு. சாயத்துக்கான ரசாயனம், பட்டன், ஜிப் என்று திருப்பூரே சீனச் சரக்கை வாங்குகிற ஊர். சோமாலிலாந்து–தைவான் துணிவுக்கு விலை இல்லாமலும் இல்லை: சீனம் உடனே கண்டித்தது, 2025இல் சோமாலியா தைவான் பாஸ்போர்ட்டுக்குத் தடை போட்டது.

வணிகத்தை எடுத்துக்கொண்டால் தராசு மறுபக்கம் சாய்கிறது. சோமாலிலாந்தின் முதன்மை ஏற்றுமதி ஆடு, ஒட்டகம். அவை வளைகுடாவுக்குப் போகின்றன. தைவானோடு அதற்குள்ள உறவு உதவித்தொகை, மருத்துவப் பணி, பயிற்சி என்று பெரும்பாலும் ஒரு கை கொடுக்க ஒரு கை வாங்குவது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான், செய்யாறில் ஃபெங் டேயின் காலணி ஆலை என்று தைவான் முதலாளிகளே வந்து இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சீனத்துக்கு வெளியே ஆலை வேண்டும், நமக்கு வேலை வேண்டும்.

திருப்பூரின் அடுத்த தேவையும் அந்தப் பக்கமே போகிறது. பருத்தி பனியனில் பேர்போன ஊர், விளையாட்டு உடைக்கான பாலியஸ்டர் துணிக்கு மெல்ல மாறப் பார்க்கிறது. வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் செயற்கை இழைத் துணியில் தைவான் கைதேர்ந்தது. எந்திரத்தை விலைக்கு வாங்கிவிடலாம். நூலையும் பதப்படுத்தும் முறையையும் கற்க ஆள் வரவேண்டும், ஆள் போகவேண்டும். அதற்கான விசா முத்திரையைச் சென்னை அலுவலகம் எத்தனை நாளில் தருகிறது என்பதுதான் பனியன் கம்பெனிக்காரருக்குக் கவலை. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது தில்லியின் கவலை.