ரூட்ஸ், நெமிசிஸ் அவென்யூ: ஏ. ஆர். ரகுமானின் இசைக்குழுக் காலம்

ரூட்ஸ், நெமிசிஸ் அவென்யூ ஆகியவை 1980களில் சென்னையில் இயங்கிய இளைஞர் இசைக்குழுக்கள். ஏ. ஆர். ரகுமான் (பிறப்பு: 6 ஜனவரி 1967, இயற்பெயர் திலீப் குமார்) திரைப்பட இசையமைப்பாளர் ஆவதற்கு முன் ரூட்ஸ் குழுவில் கீபோர்டு வாசித்தார், நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவை நிறுவினார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி, கல்லூரிக்குச் செல்லாமல் அவர் இசையைத் தொழிலாக ஏற்றது இக்காலத்தில்தான்.

படிப்பை விட்ட சூழல்

ரகுமானின் தந்தை ஆர். கே. சேகர் மலையாளத் திரைப்பட இசையமைப்பாளர். அவர் 1976இல் காலமானபோது ரகுமானுக்கு ஒன்பது வயது. தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் கிடைத்த வருமானத்தில் குடும்பம் நடந்தது. பள்ளி வயதிலேயே ரகுமானும் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிக்கத் தொடங்கினார். இதனால் வகுப்புகள் தவறின. தேர்வில் தோல்வியும் நேர்ந்தது.

பின்னர் சேத்துப்பட்டிலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளியில் இசைத் திறமைக்காகச் சேர்க்கப்பட்டார். கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறியபோதும் பள்ளி நகருக்குள்ளேயே இருந்தது. அங்கு வகுப்புத் தோழர்களுடன் ஓர் இசைக்குழு அமைத்தார். எனினும் வேலையும் படிப்பும் ஒத்துப்போகவில்லை. தாயாருடன் கலந்து பேசிப் பள்ளியை விட்டு விலகினார்.

குழுவும் கூலியும்

ரூட்ஸ் குழுவில் டிரம்ஸ் கலைஞர் சிவமணி, கிதார் கலைஞர் ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா ஆகியோர் இருந்தனர். அக்காலத்தில் ராக் இசையை மட்டும் நம்பிச் சென்னையில் பிழைப்பது எளிதன்று. கல்லூரி விழாக்களும் ஓட்டல் மேடைகளும் நிலையான வருமானம் தரவில்லை. திரைப்பட ஒலிப்பதிவே கூலி தந்தது. ரகுமான் எம். எஸ். விசுவநாதன், இளையராஜா, ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி போன்றோரின் இசையில் வாசித்தார். 1987 முதல் விளம்பரங்களுக்கும் இசையமைத்தார்.

ஒலிப்பதிவில் பிறர் எழுதிக் கொடுத்த இசைக்குறிப்பை வாசிக்க வேண்டும். குழுவில் சொந்தக் கற்பனையை முயன்று பார்க்கலாம். ஒன்று வயிற்றுக்குச் சோறிட்டது. மற்றொன்று பயிற்சிக் களமாக அமைந்தது. இதற்கிடையே மேலைச் செவ்வியல் இசையைச் சென்னையிலேயே பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் வழியே பட்டயமும் பெற்றார்.

பின்னாளில்

1992இல் ‘ரோஜா’ படத்தின் மூலம் ரகுமான் இசையமைப்பாளராக அறிமுகமானார். குழு நட்பு திரையிசையிலும் தொடர்ந்தது. சிவமணி அவருடைய பாடல்களுக்குத் தாளக் கருவிகள் வாசித்தார். ‘ஜென்டில்மேன்’ (1993), ‘காதலன்’ (1994) ஆகிய படங்களில் சுரேஷ் பீட்டர்ஸ் பாடினார்.

மதிப்பீடு

படிப்பை விட்டால் இசையில் வெல்லலாம் என்பதற்குச் சான்றாக இவ்வரலாறு சில வேளைகளில் சொல்லப்படுகிறது. உண்மையில் ரகுமான் பள்ளியை விடும் முன்பே கூலி பெறும் கலைஞராக இருந்தார். தந்தையின் கருவிகளும், தந்தை வழியாகத் திரையுலகில் கிடைத்த அறிமுகமும் அவருக்குத் துணை நின்றன. படிப்பா கனவா என்பதைவிட, படிப்பா குடும்ப வருமானமா என்பதே அவர் முன் நின்ற கேள்வி. அவர் விட்டது பள்ளியை மட்டுமே. முறையான இசைக் கல்வியை அவர் கைவிடவில்லை. அத்தகைய கல்வியை இளைஞர்களுக்கு வழங்க 2008இல் சென்னையில் கே. எம். இசைப்பள்ளியைத் தொடங்கினார். 2014இல் அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரி அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.