கேக் விற்ற டீச்சர்



ஆன் காட்டன் என்ற பிரிட்டன் ஆசிரியை 1991-ல் ஜிம்பாப்வேயில் உள்ள மோலா என்ற ஊருக்குப் போனார். கரிபா அணைக்காக ஜாம்பசி ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட டோங்கா மக்களின் வறண்ட பூமி அது. அங்கே பெண்பிள்ளைகள் ஏன் உயர்நிலைப் பள்ளிக்கு வருவதில்லை என்று தெரிந்துகொள்ளப் போனார். அவர்கள் வழக்கம் அப்படி, பெண்ணைப் படிக்க அனுப்பமாட்டார்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர்களும் நினைத்திருந்தார்கள். இவர் பெற்றோரிடமே கேட்டார். விருப்பம் இருந்தது, பணம்தான் இல்லை. ஒரு பிள்ளைக்குத்தான் ஃபீஸ் கட்ட முடியும் என்றால், சம்பள வேலை கிடைக்கக்கூடிய பையனுக்குக் கட்டினார்கள். படிப்பதற்காகவே சுமார் 100 கிலோமீட்டர் நடந்து வந்து, குடிசை போட்டுத் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா தங்கையையும் அவர் அங்கே பார்த்தார். வழக்கமாம், வழக்கம்!

ஊர் திரும்பியவர் கேம்பிரிட்ஜ் சந்தையில் கேக் விற்றுப் பணம் சேர்த்தார். 1993-ல் கேம்ஃபெட் தொடங்கியது. முதலில் 32 பெண்பிள்ளைகள். பிறகு கானா, ஜாம்பியா, தான்சானியா, மலாவி என்று பரவியது. அதில் படித்து வெளியே வந்த பெண்கள் 1998-ல் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து, அடுத்த பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண் பாதியில் நின்றுவிட்டாள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று நானே முடிவு கட்டிப் பெயரை அடித்தேன். வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஜூனில் அவள் தம்பி ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். அவனுக்கும் நான்தான் கணக்கு எடுத்தேன்.