சேறு பட்டால் வாரண்டி போச்சா? ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளும் நூறு வருட வழக்கும்

விளம்பரத்தில் அந்த வண்டி ஆற்றைக் கடக்கிறது. பாறை மேல் ஏறுகிறது. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறது. அதைப் பார்த்து வாங்கியவர் ஒருநாள் ஓர் ஓடையைக் கடக்கிறார். நடு ஓடையில் இன்ஜின் நின்றுவிடுகிறது. சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனால், வாரண்டிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வரியைக் காட்டுகிறார்கள். தவறான பயன்பாட்டால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாதாம்!

விளம்பரத்தில் சரியாக இருந்த பயன்பாடு, பில் போடும்போது எப்படித் தவறான பயன்பாடு ஆனது? இது ஏதோ இன்றைய எஸ்.யூ.வி. காலத்துப் பிரச்சினை என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் ஜீப் என்ற வண்டி பிறப்பதற்கு முன்பே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. அந்தக் கதையை வரிசையாகப் பார்க்கலாம் நண்பர்களே.

பிரிஸ்டல் மேட்டில் தொடங்கியது

இங்கிலாந்தில் 1893-ல் சரக்கு விற்பனைச் சட்டம் வந்தது. அதற்கு முன் பொதுவான விதி "வாங்குபவன்தான் உஷாராக இருக்க வேண்டும்" என்பதுதான். புதிய சட்டத்தின் 14-ஆவது பிரிவு ஒரு முக்கியமான விஷயத்தை எழுத்தில் வைத்தது. வாங்குபவர் இன்ன வேலைக்குத்தான் வேண்டும் என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தனியாக வாரண்டி எழுதித் தர வேண்டியதே இல்லை. (இதே விதி நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவாக இருக்கிறது.)

இந்தப் பிரிவு மோட்டார் வண்டிகளில் சோதிக்கப்பட்ட ஆரம்பகால வழக்குகளில் ஒன்று 1910-ல் தீர்ப்பான பிரிஸ்டல் டிராம்வேஸ் எதிர் ஃபியட் மோட்டார்ஸ். பிரிஸ்டல் நகரம் மேடும் பள்ளமும் நிறைந்தது. அங்கே பயணிகளை ஏற்றிச் செல்வதற்காக டிராம்வே நிறுவனம் ஃபியட்டிடம் ஒரு முழு பஸ்ஸும் ஆறு சேஸிஸும் வாங்கியது. எந்த வேலைக்கு என்பது விற்றவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கனமான ஓட்டத்துக்கு வண்டிகள் தாங்கவில்லை. அவற்றை மறுபடி பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. பிரிஸ்டல் மேட்டில் ஓட்டத்தான் வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கிய வண்டி பிரிஸ்டல் மேட்டில் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

1925-ல் பால்ட்ரி எதிர் மார்ஷல் வழக்கு வந்தது. நீண்ட பயணத்துக்கு வசதியான கார் வேண்டும் என்று கேட்ட ஒருவருக்கு டீலர் ஒரு எட்டு சிலிண்டர் புகாட்டியை விற்றார். அதில் சுகமாகப் பயணம் போக முடியவில்லை. ஒப்பந்தத்திலோ, சட்டப்படியோ வேறு வகையிலோ எந்த உத்தரவாதமும் கிடையாது என்ற தோரணையில் ஒரு விலக்கு வரி இருந்தது. "பிராண்ட் பெயரைச் சொல்லித்தானே வாங்கினீர்கள்?" என்றும் வாதிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் எடுபடவில்லை. அவர் நம்பியது பிராண்ட் பெயரை அல்ல, விற்றவரின் சொல்லை என்றது நீதிமன்றம்.

ஆக, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி பொதுமக்கள் கைக்கு வருவதற்கு முன்பே அடிப்படைக் கேள்வி தயாராகிவிட்டது: இந்த வண்டி எதற்காக விற்கப்பட்டது?

ஜீப் வந்தது, சின்ன எழுத்தும் வந்தது

இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ராணுவ வண்டிக்கு வாரண்டிச் சண்டை பெரிதாக இல்லை. உடைந்தால் பக்கத்து ஜீப்பிலிருந்து பாகத்தைக் கழற்றி மாட்டினார்கள். 1945-ல் வில்லிஸ் சி.ஜே.-2ஏ என்ற மாடலை மக்களுக்கு விற்க ஆரம்பித்தது. முதல் குறி விவசாயிகள். ஏர் ஓட்டும், பம்ப் ஓட்டும், சந்தைக்கும் போகும் என்று விற்றார்கள். அதாவது ரோட்டை விட்டு இறங்குவதுதான் அந்த வண்டியின் தினசரி வேலை.

ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க கார் வாரண்டி எப்படி இருந்தது? உற்பத்தியாளர்கள் சங்கம் ஒரே மாதிரி வாசகத்தை வைத்திருந்தது. 90 நாள் அல்லது 4,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை. பழுதான பாகத்தை மாற்றித் தருவோம், வேறு எதற்கும் பொறுப்பில்லை. இதை உடைத்தது நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் 1960-ஆம் ஆண்டு ஹென்னிங்சன் தீர்ப்பு. புத்தம் புதிய பிளிமத் கார் 468 மைல் ஓடியதுமே ஸ்டீயரிங் விட்டுப்போய் சுவரில் மோதியது. வாரண்டியில் கையெழுத்துப் போட்டாயிற்றே என்றது கம்பெனி. மூன்று பெரிய கம்பெனிகள் சேர்ந்து 1958-ல் நாட்டின் 93.5 சதவீதக் கார்களைச் செய்தன, எல்லாருக்கும் ஒரே வாசகம், வாங்குபவர் பேரம் பேச இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டது நீதிமன்றம். சின்ன எழுத்தில் கைகழுவியது செல்லாது என்று தீர்ப்பானது.

அடுத்தது நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. 1965-ல் கலிஃபோர்னியாவில் சீலி எதிர் வைட் மோட்டார். கனரகச் சரக்கு ஏற்ற வாங்கிய லாரி, ஓடும்போது குதிரை போலத் துள்ளியது. 11 மாதம் டீலர் சரிசெய்து பார்த்தும் தீரவில்லை. வாரண்டியில் இருந்த வாசகம் "சாதாரணப் பயன்பாட்டில் குறை இருக்காது" என்பது. கனரக லாரிக்குக் கனமான சரக்கு ஏற்றுவதுதானே சாதாரணப் பயன்பாடு! கட்டிய பணமும் இழந்த வருமானமும் திரும்பக் கிடைத்தன. இதே தர்க்கத்தை ஃபோர் வீல் டிரைவுக்குப் பொருத்திப் பாருங்கள். மண் பாதையில் போகச் செய்த வண்டிக்கு மண் பாதை சாதாரணப் பயன்பாடா, இல்லையா?

1975: காகிதத்துக்கு ஒரு கடிவாளம்

1963 மாடல்களில் கிரைஸ்லர் இன்ஜின், கியர்பாக்ஸ் முதலான பாகங்களுக்கு 5 வருடம் அல்லது 50,000 மைல் வாரண்டி கொடுத்தது. வாரண்டியே விற்பனை ஆயுதமாக மாறியது. காலம் நீள நீள, தகராறும் நீண்டது. கடைசியில் 1975-ல் அமெரிக்காவில் மேக்னசன்-மாஸ் சட்டம் வந்தது. எழுத்தில் வாரண்டி கொடுத்தால் அது முழுமையானதா, வரையறுக்கப்பட்டதா என்று தெளிவாகப் போட வேண்டும். எழுத்தில் ஒரு வாரண்டி கொடுத்துவிட்டு, சட்டம் தரும் மறைமுக வாரண்டியை அடியோடு மறுக்கக் கூடாது. எங்கள் பிராண்ட் பாகம்தான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது.

கடைசியாகச் சொன்னது ஆஃப்ரோடு ஆசாமிகளுக்கு மிக முக்கியம். அவர்கள் டயரை மாற்றுவார்கள், சஸ்பென்ஷனை உயர்த்துவார்கள், முன்னால் வின்ச் மாட்டுவார்கள். வெளிப் பாகம் மாட்டிய ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் இந்தப் பழுது வந்தது என்ற தொடர்பு இருக்க வேண்டும். 1982-ல் கனெடிகட் மாநிலம் கொண்டுவந்த "எலுமிச்சைச் சட்டம்" (திரும்பத் திரும்ப மக்கர் செய்யும் வண்டியை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள்) இன்னும் ஒரு படி போனது. வாடிக்கையாளர் வண்டியை முறைகேடாக ஓட்டினார் என்பதைக் கம்பெனி தன் எதிர்வாதமாக முன்வைக்க வேண்டும்.

விளம்பரம் குற்றவாளிக் கூண்டில்

1976 ஏப்ரலில் ஓஹியோவில் ஓர் ஆஃப்ரோடு மைதானத்தில் ஜீப் சி.ஜே.-7 ஒன்று சரிவில் இறங்கும்போது முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தது. முன்னால் இருந்த இருவர் இறந்தார்கள். பின்னால் இருந்த இருவரில் ஒருவருக்கு மண்டை ஓட்டில் காயம், மற்றவருக்கு இடுப்புக்குக் கீழே செயல் இல்லாமல் போயிற்று. காப்பாற்ற வேண்டிய ரோல் பார், வண்டியின் சட்டத்தில் அல்லாமல் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் பொருத்தப்பட்டிருந்தது. தகடு நசுங்கியதும் கம்பியே ஆட்கள் மேல் சாய்ந்தது.

இது லைக்டேமர் எதிர் அமெரிக்கன் மோட்டார்ஸ் வழக்கு. வாரண்டி வழக்கு அல்ல, பொருளின் குறைபாடு பற்றிய வழக்கு. ஆனால் வாரண்டித் தகராறுகளின் நடுவில் உள்ள கேள்விக்கு 1981-ல் ஓஹியோ உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. ஜீப் செங்குத்தான மேடுகளில் ஏறி இறங்குவதாக டிவியில் காட்டினார்கள். ரோல் பார் பாதுகாப்பு தரும் என்று சொன்னார்கள். முன்பக்கமாக உருண்டால் அது தாங்குமா என்று சோதிக்கவில்லை. வாங்குபவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதை விளம்பரம்தான் உருவாக்குகிறது, ஆகவே அந்த எதிர்பார்ப்பை வைத்தே பொருளை அளக்கலாம் என்றது நீதிமன்றம். தண்டனைத் தொகையும் சேர்த்து மொத்தம் 22 லட்சம் டாலர்.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம்

இனிமேல்தான் வேடிக்கை. ஃபோர்டு நிறுவனத்தின் பிராங்கோ 2 என்ற சிறிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. 1986 ஜூனில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பெண் தார் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். குறுக்கே மான் வந்தது. பிரேக் அடித்தார். வண்டி உருண்டது.

ஃபோர்டு என்ன சொன்னது தெரியுமா? இது ஆஃப்ரோடு வண்டி. உயரமும் குறுகிய அகலமும் காட்டுப் பாதைக்காகவே வைத்தவை. சாதாரணக் காரைப் போல இதை ஓட்டக் கூடாது. ஆனால் அதே ஃபோர்டின் விற்பனைக் கையேடு, நகரத்திலும் புறநகரிலும் தினசரி ஓட்ட ஏற்ற வண்டி என்று சொல்லி விற்கும்படி விற்பனையாளர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்தப் பெண்ணுக்குக் காட்டுக்குள் போகும் எண்ணமே இல்லை. பனிக்காலத்தில் ரோட்டில் பிடிமானம் கிடைக்கும் என்றுதான் வாங்கினார்.

ஜூரி ஒரு விசித்திரமான முடிவு சொன்னது. வடிவமைப்பில் குறைபாடு இல்லை, ஆனால் மறைமுக வாரண்டி மீறப்பட்டிருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று மேல்முறையீடு போனது. 1995 டிசம்பரில் நியூயார்க்கின் மிக உயர்ந்த நீதிமன்றம் "நிற்கும்" என்றது. காட்டுக்கு ஏற்ற வடிவமைப்பு என்பதால் அதன் நன்மை ஆபத்தைவிட அதிகமாக இருக்கலாம், அது ஒரு கணக்கு. ஆனால் ரோட்டுக்கு என்று விற்றால் ரோட்டில் பத்திரமாக ஓட வேண்டும், அது வேறு கணக்கு. 12 லட்சம் டாலர் இழப்பீடு நிலைத்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காட்டில் உடைந்தால் "ரோட்டில் ஓட்டியிருக்க வேண்டும்". ரோட்டில் கவிழ்ந்தால் "இது காட்டுக்குச் செய்த வண்டி". கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது இதுதான்.

பட்டறையில் என்ன நடக்கிறது?

கம்பெனிகள் சொல்வது எல்லாமே பொய் என்றும் சொல்ல முடியாது. தண்ணீரில் இறங்கும்போது ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போனால், காற்றைப் போல அதை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வர முயன்று கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் மாதிரி வெளுத்துப்போகும். சில வாரம் கழித்து பேரிங் போகும். சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியைக் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் போட்டே ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். மெக்கானிக் இவற்றைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

ஆனால் தண்ணீர் போயிருக்கிறது என்பது காரணத்தில் பாதிதான். ஆழம் தெரியாமல் காலை விட்டாரா, அல்லது சீலே மோசமாக இருந்ததா? இங்கேதான் கம்பெனி தன் வாயால் சொன்ன எண் உதவுகிறது. உதாரணமாக, 2020-ல் விற்பனைக்கு வந்த லேண்ட் ரோவர் டிஃபெண்டர், ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் 900 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகும் என்று அறிவித்தார்கள். அமெரிக்க வணிகச் சட்டப்படி, விற்பவர் பொருளைப் பற்றிச் சொல்லும் இப்படிப்பட்ட திட்டமான தகவல், பேரத்தின் அடிப்படையாக இருந்தால், அதுவே வெளிப்படையான வாரண்டி. வாரண்டி என்ற சொல் அதில் இருக்க வேண்டிய அவசியமில்லை. "எந்த மலையும் இதற்கு முன் தூசு" என்பது வெறும் பெருமை, அதை வைத்து வழக்காட முடியாது. "900 மில்லிமீட்டர்" என்பது வாக்கு.

முடிவாக

பிரிஸ்டல் பஸ் முதல் பிராங்கோ 2 வரை வண்டிகள் மாறின, நாடுகள் மாறின. ஆனால் ஜெயித்தவர்கள் எல்லாரிடமும் ஏதோ ஒரு வடிவத்தில் ஒரே ஆதாரம்தான் இருந்தது: இந்த வண்டி எந்த வேலைக்கு என்று சொல்லி விற்கப்பட்டது என்பது. கம்பெனி அந்த வேலையைப் பிறகு மாற்றிச் சொல்ல முயன்றபோதெல்லாம் நீதிமன்றங்கள் விற்ற நாளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தன.

எனவே உங்கள் வீட்டில் யாராவது எஸ்டேட்டுக்கோ மலைக் கிராமத்துக்கோ ஓட்டுவதற்கு இப்படி ஒரு வண்டி வாங்கினால், எந்தப் பாதையில் ஓட்டப் போகிறோம் என்பதை டீலருக்கு ஒரு வரி மெயிலாக அனுப்பி, பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விளம்பர நோட்டீஸையும் தூக்கிப் போட வேண்டாம். வண்டி ஓடையில் நின்ற பிறகு தேடினால் அந்த நோட்டீஸ் கிடைக்காது.