மணமாலையும் உதிரிப் பூவும்

தமிழர் திருமணத்தில் பூவின் இடத்தைக் காட்டும் பழைய சான்றுகளில் அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் முக்கியமானவை. முதல் பாடலில் பந்தலின் கீழ் மணல் பரப்பி, விளக்கேற்றி, மாலைகளைத் தொங்கவிடுகிறார்கள். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்ட, நீரோடு சொரிந்த பூவிதழும் நெல்லும் அவள் கூந்தலில் தங்குகின்றன. இரண்டாவதில் அவளுக்குச் சூட்டப்படுபவை வாகை இலை, மழைக்குத் துளிர்த்த அறுகு, சில அரும்புகள், ஒரு வெண்ணூல். இவற்றில் எதற்கும் பெரிய விலை இருந்திருக்காது. வேலியோரத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் கிடைப்பவை. மணமக்கள் மாலை மாற்றிக்கொள்வதாக இரு பாடல்களிலும் செய்தி இல்லை.

அதற்காகப் பூ வணிகமே இல்லை என்று கொள்ள வேண்டியதில்லை. புறநானூற்றின் 293ஆம் பாடலில் பூ விற்கும் பெண் ஒருத்தி வருகிறாள். சிலப்பதிகாரத்துப் புகாரில் சாந்தும் சுண்ணமும் பூவும் தெருத்தெருவாக விலைபோகின்றன.

மாலை கட்டுவதைத் தனிக் கலையாக வளர்த்தவை கோயில்கள். பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்துப் பூத்தொண்டு செய்தவர்கள். திருப்புகலூர் முருக நாயனார் கோவை, இண்டை, பிணையல், தொங்கல் எனப் பலவகையில் தொடுத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. நந்தவனத்துக்கும் அதைப் பேணுவோருக்கும் நிலம் விடப்பட்டதற்குச் சோழர் கல்வெட்டுகள் பல உண்டு. ஆண்டாளின் ‘வாரணமாயிரம்’ பதிகத்தில் மணமகளுக்குக் கூறையுடுத்தி மணமாலை சூட்டுபவள் நாத்தனார் முறையில் வரும் துர்க்கை. திருமாலுக்கே வாழ்க்கைப்படும் கனவில்கூட மாலை சூட்டுவது உறவுக்காரியின் கையாகத்தான் இருக்கிறது.

இன்றைய மாலையின் உடல் சம்பங்கி. மஞ்சள் நிறத்துக்குத் துலுக்கச் சாமந்தி. இரண்டுமே மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டவை, கொலம்பஸுக்குப் பிந்தைய கடல்வழிகளில் இங்கு வந்து சேர்ந்தவை. தொன்றுதொட்டு வந்ததாகத் தோன்றும் கல்யாண மாலையில் பாதி அப்படிப் புதியது. எடையில் மலிவாகக் கிடைப்பதும், நாரில் கோக்கவோ கட்டவோ வாகாக இருப்பதும் இவற்றுக்கு இடம் பிடித்துக் கொடுத்தன. சிவப்புக்கு அரளியும் கோழிக்கொண்டையும், வாசத்துக்கு மரிக்கொழுந்தும் போதும்.

பூச்செலவில் கட்டுக்கூலியும் சேரும். ஆகவே வசதி குறைந்த வீடுகளில் உதிரிப் பூவாக எடைக்கு வாங்கி, முதல் நாள் மாலையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தொடுப்பது வழக்கமாயிற்று. மல்லிகையை மொட்டாகவே காலையில் பறிப்பார்கள். அது இருட்டும் நேரத்தில்தான் விரியும். காய்ந்த வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் சரம் நெடுநேரம் வாடாது. நூலுக்கு அந்தக் குணம் இல்லை. கட்டிய சரத்தை ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுற்றிவைப்பார்கள். கடையில் சரம் முழக்கணக்கில் விற்கும். முழம் என்பது விற்பவரின் கை நீளம் என்பதால் அதில் பேரம் என்றும் ஓய்ந்ததில்லை.

திருமணத்துக்கு மாலையே போதுமானது என்ற நிலையைச் சட்டமாக்கியது சுயமரியாதை இயக்கத்தின் தாக்கம். 1920களில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்களில் புரோகிதரும் ஓமமும் இல்லை. அவற்றுக்கு நீதிமன்றங்களில் நேர்ந்த சிக்கலை அண்ணாதுரை அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துத் தீர்த்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவருக்கொருவர் மாலை அணிவித்தாலே திருமணம் செல்லும். மோதிரம் மாற்றுவதும் தாலி கட்டுவதும் மாற்று வழிகள். முன்பே நடந்த அத்தகைய திருமணங்களும் செல்லுபடியாயின.

செலவு மறுபடி ஏறியது கல்யாண மண்டபங்களோடு. வீட்டு வாசல் பந்தலுக்கு வாழைமரமும் மாவிலையும் தென்னங்குருத்துத் தோரணமும் போதுமாக இருந்தன. மண்டப மேடையோ பின்சுவர் முழுக்கப் பூ கேட்டது. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜாவும் ஜெர்பராவும் அங்கே ஏறின.

மல்லிகைக்குக் கோடைதான் பருவம். பனிக்காலத்தில் பூப்பது குறையும். மார்கழியில் நின்றிருந்த முகூர்த்தங்கள் தையில் ஒன்றாகத் தொடங்குவதால், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விலை அப்போது கிலோவுக்குச் சில ஆயிரம் ரூபாயைத் தொடுவதுண்டு. ஆடியில் முகூர்த்தம் அரிது என்பதால் கல்யாணத் தேவை குறைந்து விலை தணியும். மதுரை மாட்டுத்தாவணி, நிலக்கோட்டை, தோவாளைச் சந்தைகளில் சிக்கனக்காரர்கள் மணமாலை இரண்டை மட்டும் கட்டச் சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் உதிரியாகவே வாங்கிப் போகிறார்கள்.