மா யுவானின் வண்டியில் இருந்த விதை: கோயிக்ஸ் புல்லின் அணி, உணவு, மருந்துப் பயன்கள் குறித்து ஒரு மறுவாசிப்பு

கோயிக்ஸ் லாக்ரிமா-யோபி என்னும் புல்தானியத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே படிவரிசையைக் கைக்கொண்டிருக்கிறார்கள். காட்டில் விளைந்த கெட்டி ஓட்டு விதையை மனிதர் முதலில் மணியாகக் கோத்தனர். மெல்லோட்டு வகை வாய்த்த பின்னரே அதைச் சமைத்தனர். மருந்தாக்கியது அதற்கும் பிந்தியது என்பது அவ்வரிசை. இதற்குச் சீனத்திலிருந்து காட்டப்படும் முதன்மைச் சான்று, ஐந்தாம் நூற்றாண்டில் ஃபான் யே தொகுத்த ‘பிற்கால ஹான் வரலாறு’ நூலில், தளபதி மா யுவானின் வாழ்க்கையை விவரிக்கும் இயலில் வரும் ஒரு சிறு பகுதி. உண்ணத்தக்க கோயிக்ஸ் தெற்கிலிருந்து சீனத்துக்குள் நுழைந்த தருணத்தை அது பதிவு செய்கிறது என்றே வாசித்து வந்திருக்கிறோம். 1881இல் மெல்லோட்டு வகைக்கு ‘மா-யுவென்’ என்று தாவரவியல் பெயரிட்டபோது இவ்வாசிப்பு மேலும் உறுதிப்பட்டது. அப்பகுதி அதைச் சொல்லவில்லை என்பதும், அணி, உணவு, மருந்து என்னும் மூன்றும் அடுத்தடுத்த படிகள் அல்ல என்பதற்கே அது சான்றாகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பகுதியின் சாரம் இது. இன்றைய வட வியட்நாமான ஜியாவ்ச்சியில் ட்ரூங் சகோதரியரின் எழுச்சியை ஒடுக்கச் சென்ற மா யுவான், அங்கே யீயீ விதையை, அதாவது கோயிக்ஸை, வழக்கமாக உண்டார். அது உடலை இலேசாக்கும், ஆசையைக் குறைக்கும், தென்னிலத்து நச்சுக்காற்றைத் தாங்கச் செய்யும் என்று கருதப்பட்டது. தென்னாட்டு விதை பெரிதாக இருந்ததால் அதை விதைப்புக்கு வைத்துக்கொள்ள விரும்பி, திரும்பும்போது ஒரு வண்டி நிறைய ஏற்றி வந்தார். தெற்கின் அரும்பொருள் என்று எண்ணிப் பெரியோர் அதன்மேல் கண்வைத்தனர். கி.பி. 49இல் அவர் இறந்த பின், அந்த வண்டியில் வந்தவை முத்தும் காண்டாமிருகக் கொம்புமே என்று பேரரசர் குவாங்வூவிடம் குற்றஞ்சாட்டப்பட்டது. குடும்பத்தார் அவரை மூதாதையர் நிலத்தில் அடக்கம் செய்யவும் அஞ்சினர்.

இங்கே கவனிக்க வேண்டியது, விதை ‘பெரிது’ என்னும் செய்தி. ஒப்பிட ஒன்று கைவசம் இல்லாமல் ஒன்றைப் பெரிது என்று சொல்ல இயலாது. நூலாசிரியர் யீயீ என்ற பெயருக்கு விளக்கமும் தரவில்லை; செடி எப்படிப்பட்டது என்றும் சொல்லவில்லை. வந்தது புதுப் பயிரன்று, தெரிந்த பயிரின் தேர்ந்த விதை. தொல்லியலும் இதற்கு இசைகிறது: ஷான்ஷி மாநிலத்து மிஜியாயாவில் கிடைத்த ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழமையான மது வடிக்கும் கலங்களின் படிவுகளில் பனிவரகு, பார்லி ஆகியவற்றோடு கோயிக்ஸும் அடையாளம் காணப்பட்டு 2016இல் வெளியிடப்பட்டது. அது காட்டு வகையாகவே இருக்கலாம், மாவுத்துகளைக் கொண்டு ஓட்டின் தன்மையை அறிய இயலாது என்று மறுக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது காட்டு வகை என்றால் என் வாதம் வலுக்கிறதே தவிர மெலியவில்லை. கெட்டி ஓடு கலத்துக்குள் செல்வதைத் தடுக்கவில்லை என்றாகிறது. நிகழ்ச்சிக்கும் ஃபான் யேவுக்கும் இடையே நான்கு நூற்றாண்டுகள் இருப்பது இதைவிடக் கடினமான தடை. உடலை இலேசாக்கும் என்பது மருந்து நூல்களின் வாய்பாடு. யீயீயை மேல்தர மருந்துகளுள் வைக்கும் ‘ஷென்னோங் மூலிகை நூல்’ மரபிலிருந்து அது இங்கே ஏறியிருக்கலாம். ஆகவே அத்தொடரின்மேல் நான் பாரம் ஏற்றவில்லை. விதையின் அளவு பற்றிய செய்தி அப்படிப்பட்டதன்று. மா யுவானைக் குற்றமற்றவராகக் காட்ட உணவு என்றோ மருந்து என்றோ சொன்னாலே போதும். விதைப்புக்காக என்பது அந்தத் தேவைக்கு மிகையானது. மிகையாக நிற்கும் இத்தகைய செய்திகளே பழைய அடுக்கைச் சேர்ந்தவையாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

முத்துக் குற்றச்சாட்டை வெறும் நீதிக்கதையாகத் தள்ளிவிடுவதும் சரியன்று. தீட்டிய பருப்பு முளைக்காது. விதைக்கென்று வந்தது ஓட்டோடுதான் வந்திருக்கும். அந்த ஓடு உமியன்று, இறுகிப்போன இலையுறை. பெண் பூ உள்ளே அடங்க, ஆண் கதிரின் காம்பு நுனித் துளை வழியே வெளியே நீள்கிறது. காம்பு உதிர்ந்தால் இரு முனையிலும் துளையுள்ள, ஊசி நேரே நுழையும் மணி மிஞ்சுகிறது. கெட்டி ஓடு வெண்சாம்பலாகப் பளபளக்கும். மெல்லோடு மங்கலாக, வரியோடி, விரலால் அழுத்தினால் நொறுங்கும். வண்டியில் இருந்தது எவ்வகை என்று இப்பகுதியைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. தென்னிலத்து ஹெப்பு கடற்கரை முத்துக்குப் பெயர்பெற்றிருந்ததால், உருவ ஒற்றுமை இல்லாமலே அவதூறு எழுந்திருக்கலாம். ஆனால் ‘மா-யுவென்’ என்ற பெயரைக் கொண்டு மெல்லோடு என்று முடிவு செய்வது, 1881இன் ஊகத்தை முதல் நூற்றாண்டின் சான்றாக்குவதாகும்.

வாழும் வழக்கங்களும் படிவரிசைக்கு இடம் தரவில்லை. நாகாலாந்து, மிசோரம் மலைகளில் மெல்லோட்டு வகை சோறாகவும் மதுவாகவும் பயன்பட, கெட்டி ஓடு மணியாகிறது. மியன்மார், தாய்லாந்து எல்லைக் கரேன் பெண்கள் தங்கள் மேற்சட்டையில் அதை வரிவரியாகத் தைக்கிறார்கள். இவர்களை ‘முந்தைய படியின் எச்சம்’ என்பது சான்றில்லாத கூற்று. அதற்கு மேல் மறுமொழி தேவையில்லை. நீண்டு உருளையான ஸ்டெனோகார்ப்பா வகை மணிக்காகவே விரும்பப்படுகிறது. உணவுக்கான தேர்வு ஓட்டை மெலிதாக்க, அணிக்கான தேர்வு ஓட்டின் வடிவையும் பளபளப்பையும் காத்து வந்திருக்கிறது. ஒரே செடியை மக்கள் ஒரே காலத்தில் இருதிசைகளில் இழுத்திருக்கிறார்கள்.

பெயரிடல் விதிப்படி ‘மா-யுவென்’ நீடிக்கட்டும். அதை வரலாறாகப் படிப்பதைத்தான் கைவிட வேண்டும். அகழாய்வில் கோயிக்ஸ் ஓடு கிடைத்ததும் ‘அணிகலன்’ பட்டியலில் சேர்த்து முடித்துவிடும் பழக்கமும் மாற வேண்டும். ஓட்டின் கனம், உடைந்த விதம், துளையோரத் தேய்மானம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதிந்தால், கோத்த மணி எது, உடைத்துத் தின்ற விதை எது என்று பிரித்தறிய வழி பிறக்கும். அதுவரை, மணியே முந்தியது என்னும் கூற்றை நிறுவப்பட்ட முடிவாகக் கொள்ள நமக்கு உரிமையில்லை.