பெடரினை ஆக்குவது எந்த உயிர்? இயற்கைச் சேர்மங்களின் மூலத்தை நிறுவுதல் குறித்து

பீடரஸ் இன வண்டு இரவில் விளக்கொளிக்கு வந்து மேலே விழும்போது அதைத் தோலோடு வைத்து நசுக்கிவிட்டால், ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து கொப்புளிக்கும். வண்டின் உடல்நீரில் இருக்கும் பெடரின் என்னும் சேர்மமே இதற்குக் காரணம். செல்கள் புரதம் ஆக்குவதை அது தடுத்துவிடுகிறது. 1950களின் தொடக்கத்தில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஏறத்தாழ இரண்டரைக் கோடி வண்டுகளைத் திரட்டி அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள் பெடரின் ஒரு பூச்சி நஞ்சு என்றே நூல்களில் இடம்பெற்றது.

1988இல் இந்த வகைப்பாடு சிக்கலுக்குள்ளானது. நியூசிலாந்துக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து மைக்கலமைடும், ஒகினாவாவின் தியோனெல்லா கடற்பஞ்சிலிருந்து ஒன்னமைடும் அறிவிக்கப்பட்டன. இரண்டின் மையக் கட்டமைப்பும் பெடரினுடையதைப் பெரிதும் ஒத்திருந்தது. பூச்சிகளின் மரபுவழியும் கடற்பஞ்சுகளின் மரபுவழியும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இத்தனை சிக்கலான ஒரு மூலக்கூறை இரண்டும் தனித்தனியே கண்டடைந்தன என்று கொள்வது கடினம். இரண்டின் உடலிலும் வாழக்கூடிய மூன்றாவது உயிர் ஒன்றைத் தேடுவதே பொருத்தமாக இருந்தது.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: ஒரு சேர்மத்தை எந்த உயிரியிலிருந்து பிரித்தோம் என்பதும், எந்த உயிரி அதை ஆக்கியது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதலாவதற்குக் கரைப்பானும் நிறப்பகுப்பியலும் போதும். இரண்டாவதற்குத் தனிச் சான்று வேண்டும். அச்சான்று கிடைக்கும்வரை மூல உயிரி என்ற இடத்தில் கடற்பஞ்சின் பெயரையோ செடியின் பெயரையோ எழுதுவது கருதுகோளை முடிவாகப் பதிவுசெய்வதாகும்.

பெடரின் வழக்கில் சான்று சேர்ந்த முறை பின்பற்றத் தக்கது. ஆய்வாளர் ரூபர்ட் கெல்னர் வண்டுகளை வளர்த்துப் பார்த்தபோது, பெண் வண்டுகளில் பெரும்பாலானவை பெடரினைத் திரட்டி முட்டைகளில் சேர்ப்பதும், சில அவ்வாறு செய்யாததும் தெரிந்தது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து வளர்த்தால் அந்தத் திறன் மறைந்தது. திறனற்ற மரபில் பிறந்த இளம்புழுக்களுக்குத் திறனுள்ள பெண் வண்டுகளின் முட்டைகளைத் தின்னக் கொடுத்தால், அவை வளர்ந்த பின் திறன் திரும்பியது. நொதிகள் எவை என்று தெரியும் முன்பே, தொற்றிப் பரவும் ஏதோ ஒன்றுதான் இதைச் செய்கிறது என்பதை எளிய வளர்ப்புச் சோதனைகள் காட்டிவிட்டன. நவீனக் கருவிகளை நம்பி இத்தகைய சோதனைகளைக் கைவிடுவது பேரிழப்பு என்றே நான் கருதுகிறேன்.

2002இல் ஆய்வாளர் யோர்ன் பீல் பெடரினுக்கான மரபணுக் கொத்தைக் கண்டறிந்தார். அது வண்டினுடையது அன்று. சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கு நெருங்கிய, ஆய்வகத்தில் வளராத ஒரு கூட்டுயிரிப் பாக்டீரியாவினுடையது. பாலிகீட்டைடு நொதிகள் அமைந்த வரிசை மூலக்கூறு கட்டப்படும் வரிசையோடு பொருந்தியது. கொத்தை ஒட்டி இடம்பெயரும் மரபணுக் கூறுகளும் இருந்தன. ஒரே வேதியியல் இத்தனை தொலைவான உயிரினங்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அவை ஒரு விளக்கம் தருகின்றன. தியோனெல்லாவிலும் இத்தகைய பாக்டீரிய மரபணுக்கள் 2004இல் கிடைத்தன. தியோனெல்லாவின் மஞ்சள் நிற வகையில் அறியப்பட்ட வீரியமுள்ள சேர்மங்களில் ஏறக்குறைய அனைத்தும் என்டோதியோனெல்லா என்னும் இழைவடிவப் பாக்டீரியாவின் ஆக்கமே என்று 2014இல் பீல் குழு காட்டியது.

இந்த வெற்றியே இன்னொரு தவறுக்கும் இடம் தருகிறது. எல்லாவற்றையும் நுண்ணுயிரின் கணக்கில் எழுதும் அவசரத்தையே சொல்கிறேன். பசிபிக் யூ மரத்தின் புற்றுமருந்தான டாக்சாலை அதன் உட்பட்டையில் வாழும் பூஞ்சையும் ஆக்குகிறது என்று 1993இல் அறிவிப்பு வந்தது. அதையொட்டிப் பல பூஞ்சைகளின் பெயரில் கட்டுரைகள் பெருகின. அவற்றில் பல, மிகச் சிறிய அளவில் டாக்சால் தென்பட்டதையே ஆதாரமாகக் கொண்டன. இத்தகைய பூஞ்சைகளைத் தீர ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, அவை தாமாக டாக்சாலை ஆக்குவதற்குச் சான்றில்லை என்று முடித்தது. மரத்தின் திசுவிலிருந்து ஒட்டிவந்த சேர்மத்தையும் நிறைமாலைக்கருவி காட்டத்தானே செய்யும்? மறுபுறம், நித்தியகல்யாணிச் செடியின் வின்பிளாஸ்டின் என்னும் சேர்மத்துக்கான முன்பொருள்களைச் செடியின் மரபணுக்களைக் கொண்டே ஈஸ்டில் ஆக்கிக் காட்டியிருக்கிறார்கள். அங்கே செடியின் உரிமை ஐயமற்றது. ஆகவே ஒரு பக்கச் சார்பை மறுபக்கச் சார்பால் ஈடுசெய்ய முடியாது. மரபணுக்களைக் கண்டறிதல், அவற்றை வேறொரு செல்லில் இயக்கிச் சேர்மத்தைப் பெறுதல், கூட்டுயிரியை நீக்கினால் சேர்மமும் நீங்குகிறதா என்று பார்த்தல் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால்தான் ஆக்கம் பற்றிப் பேசலாம்.

மருந்து வழங்கலும் இந்தக் கேள்வியைச் சார்ந்ததே. கரீபியன் கடலின் அசிடியன் என்னும் கடல் உயிரி ஒன்றிலிருந்து கிடைத்த எக்டினசிடின் 743இன் அமைப்பு 1990இல் வெளியானது. ஒரு டன் உயிரியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிராம்தான் தேறும். அந்த வழியில் நோயாளிகளுக்கு மருந்து தர முயன்றால் அந்த உயிரினமே மிஞ்சாது. பாக்டீரியாக்கள் தரும் சாஃப்ராசினோடு அதற்கிருந்த ஒப்புமையே வழிகாட்டியது. சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸை நொதிக்கவைத்துப் பெற்ற சயனோசாஃப்ராசின் பி-யிலிருந்து பகுதித் தொகுப்பு முறையில் அதை ஆக்கினார்கள். 2007இல் ஐரோப்பாவில் மென்திசுப் புற்றுக்கு அது ஏற்கப்பட்டது. அசிடியனுக்குள் அதை ஆக்குவதும் ஒரு பாக்டீரியாவே என்று 2011இல் மரபணுச் சான்று வந்தது.

நம் கடற்கரைகளில் கடற்பஞ்சும் அசிடியனும் சேகரிப்போர் இதைக் கவனிக்க வேண்டும். மாதிரி முழுவதையும் மெத்தனாலில் ஊறவைத்துவிட்டால் ஆக்கிய உயிரைத் தேடும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. ஒரு சிறு துண்டையாவது டி.என்.ஏ. சிதையாதபடி உறையவைத்துப் பாதுகாப்பதும், சேகரித்த இடமும் ஆழமும் அதனோடு சேர்ந்திருப்பதும் ஆய்வின் பகுதியாக வேண்டும். மன்னார் வளைகுடா போன்ற காப்பகப் பகுதிகளில் இரண்டாவது முறை சேகரிக்க அனுமதி எளிதில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

தேட வேண்டிய இடங்களோ விரிந்துகொண்டே போகின்றன. எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் தாக்கும் சில்லிட் பூச்சியின் கூட்டுயிரியான புராஃப்டெல்லா, பெடரின் குடும்பத்துச் சேர்மமான டயாஃபோரினை ஆக்குகிறது. அந்தப் பாக்டீரியாவின் மரபணுத்தொகை ஏறத்தாழ 4.6 லட்சம் கார இணைகளாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் அதில் சுமார் 15 விழுக்காடு இத்தகைய சேர்மத்தை ஆக்குவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. லைக்கனில் வாழும் நாஸ்டாக் என்னும் பாக்டீரியாவிலும் இக்குடும்பத்தின் உறுப்பினர் உண்டு. தனித்து வாழும், ஆய்வகத்தில் வளர்க்க முடிகிற கடல் பாக்டீரியாவான லாப்ரென்சியாவிலும் ஒன்று கிடைத்திருக்கிறது. பூச்சியின் உடலும் கடற்பஞ்சின் உடலும் இல்லாமலே இவ்வேதியியல் நடக்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று.